குருதிச்சோகையும் வான்பயணமும்

மனிதரை வருத்தும் நோய்கள் இருவகையின. சில, வந்து சின்னாளிருந்து நீங்குவன. சில, வந்தபின் வாழ்நாள் முழுதும் உடனுறைவன. நாட்பட்ட சிறுநீரக நோய், மூட்டுவாதம், குடலழற்சி, தலசீமியா முதலியன பின்னைய வகையின. இவற்றோடு பெரும்பாலும் துணையாய் வருவது குருதிச்சோகை. இந்நோயுற்றோர் ஊரெல்லையைத் தாண்டாது வாழ்ந்த காலமும் உண்டு. இன்றோ நம் கல்லூரியின் பழைய மாணவர்கள் இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண் எனக் கடல்கடந்த நகரங்களிற் பரந்து வாழ்கின்றனர். பிள்ளைகளைக் காணப் பெற்றோர் பறக்கின்றனர். பெற்றோரைக் காணப் பிள்ளைகள் பறக்கின்றனர். இத்தகைய விழாக்களுக்கென்றே பலர் பறந்து வருகின்றனர். ஆதலின், "குருதி குறைந்தவர் விமானத்தில் ஏறலாமா?" என்னும் வினா பல இல்லங்களில் எழுகின்றது.

இவ்வினாவுக்கு இருவகை விடைகளைக் கேட்கின்றோம். "ஏறவே கூடாது" என்பர் ஒருசாரார். "வெறுமனே உட்கார்ந்திருப்பதுதானே, அதில் என்ன தீங்கு?" என்பர் மற்றொருசாரார். இரண்டும் ஆராயாது கூறும் விடைகளே. முன்னதைக் கேட்போர் வீணாக வீட்டிலிருந்து ஏங்குவர். பின்னதைக் கேட்போர் நோயை மறைத்து ஏறி இடர்ப்படுவர். உண்மை நிலை யாதென்பதை ஈண்டு ஒழுங்காக நோக்குவாம்.

விமானத்தினுள் உள்ள வளி

கடல்மட்டத்திலே வளிமண்டல அமுக்கம் 760 மில்லிமீற்றர் இரசம். அவ்வளியில் ஏறக்குறைய நூற்றுக்கு 21 பங்கு ஒட்சிசன். மேலே செல்லச் செல்ல இந்த 21 என்னும் விகிதம் மாறுவதில்லை, அமுக்கமே குறைகின்றது. அமுக்கங் குறையவே, ஒவ்வொரு மூச்சிலும் உட்புகும் ஒட்சிசனின் அளவு குறைகின்றது.

இதன் கொடுமையை 1875 ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்தில் "செனித்" என்னும் பலூனில் ஏறிய மூவரின் வரலாறு காட்டும். அவர்கள் 8,000 மீற்றருக்கும் மேலே சென்றனர். ஒட்சிசன் நிரப்பிய பைகள் அவர்களிடம் இருந்தன. எனினும் வேண்டிய வேளையிலே அவற்றை எடுத்துச் சுவாசிக்கக் கைகள் இயங்கவில்லை. குறோசே ஸ்பினெல்லி, சிவெல் என்னும் இருவரும் மாண்டனர். திசாந்தியே ஒருவரே உயிர்தப்பினார். ஒட்சிசன் குறைவு நோவைத் தந்து எச்சரிப்பதில்லை. அறிவை மயக்கியே வருகின்றது. இவ்வுண்மையை நாம் நினைவில் வைத்தல் வேண்டும்.

தற்கால விமானங்கள் 35,000 அடி உயரத்திற் பறக்கின்றன. அங்கே வெளியமுக்கம் கடல்மட்டத்து அமுக்கத்தின் நாலிலொன்றுக்கும் குறைவு. அவ்வெளியில் எவரும் உயிர்வாழ இயலாதாகையால், விமானத்தின் உள்ளறையில் வளியை நெருக்கி அமுக்கத்தைக் கூட்டுகின்றனர். 1940 ஆம் ஆண்டிலே சேவைக்கு வந்த போயிங் 307 விமானமே அமுக்கமூட்டிய அறையோடு பயணிகளைக் கொண்டுசென்ற முதல் விமானமாகும்.

அவ்வாறாயின் உள்ளறையிற் கடல்மட்டத்து அமுக்கத்தையே ஏன் வைத்தல் கூடாது என்று மாணவர் வினவலாம். உள்ளமுக்கம் கூடுந்தோறும் விமானத்தின் உடல் வெளிப்புறமாகத் தள்ளப்படும். அதனைத் தாங்க உடலைத் தடிப்பாக்கினால் எடை மிகும். மீண்டும் மீண்டும் அமுக்கமேற்றுவதால் உலோகம் தளர்வதுமுண்டு. 1954 ஆம் ஆண்டிலே இரு கொமெற் விமானங்கள் வானிற் சிதறியமைக்கு இத்தளர்ச்சியே காரணமென ஆராய்ந்து கண்டனர். ஆகவே ஓர் இடைநிலையை வகுத்தனர். வழமையான பறப்பில் உள்ளறையின் அமுக்கம் 8,000 அடி, அதாவது ஏறக்குறைய 2,440 மீற்றர் உயரத்து மலையில் உள்ள அமுக்கத்திற்குக் குறைதலாகாது என்பதே விதி.

நம் நாட்டின் மிகவுயர்ந்த மலையாகிய பீதுருதாலகாலவின் உயரம் 2,524 மீற்றர். எனவே விமானத்தில் இருப்பவர் அம்மலையுச்சிக்குச் சற்றே கீழிருப்பவரை ஒப்பார். அங்கே அமுக்கம் ஏறக்குறைய 565 மில்லிமீற்றர். கடல்மட்டத்திலே நூற்றுக்கு 15 பங்கு ஒட்சிசனே உள்ள வளியைச் சுவாசிப்பதற்கு இது கிட்டத்தட்டச் சமமாகும். 2011 இற் சேவைக்கு வந்த போயிங் 787, 2015 இற் சேவைக்கு வந்த எயார்பஸ் ஏ350 ஆகிய புதிய விமானங்களின் உள்ளறை 6,000 அடி உயரத்துக்கு ஒப்பான அமுக்கத்தில் வைக்கப்படுகின்றது. அது நுவரெலியா நகரின் உயரத்தை ஒத்தது. வசதியுள்ளவர் இவ்வகை விமானத்தைத் தெரிதல் நன்று.

குருதி சுமக்கும் பாரம்

நிற்க, இனி உடலினுள்ளே செல்வாம். நுரையீரலிற் புகுந்த ஒட்சிசனை உடலெங்குங் கொண்டுசெல்வது செங்குழியங்களில் உள்ள ஈமோகுளோபின் என்னும் பொருளாகும். ஒரு கிராம் ஈமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கும். நூறு மில்லிலீற்றர் குருதியில், வளர்ந்த ஆடவர்க்கு 13 கிராமுக்கும் கருவுறாத மகளிர்க்கு 12 கிராமுக்கும் குறைந்த ஈமோகுளோபின் இருப்பின் அதனைக் குருதிச்சோகை என உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது.

நெல்லேற்றும் வண்டிகளை உவமையாகக் கொள்வாம். ஈமோகுளோபின் வண்டி, ஒட்சிசன் நெல்மூடை. நலமுள்ளவர்க்கு வண்டிகள் பல. சோகையுற்றவர்க்கு வண்டிகள் சில. ஆயினும் ஒவ்வொன்றும் நிறையவே ஏற்றப்பட்டிருக்கும். விரலிற் பொருத்தி ஒட்சிசன் அளவை அறியும் சிறு கருவியை இன்று பலர் வீட்டில் வைத்திருக்கின்றனர். அது, வண்டிகளில் நூற்றுக்கு எத்தனை பங்கு பாரம் ஏறியுள்ளது என்பதையே காட்டும். வண்டிகள் எத்தனை என்பதைக் காட்டாது. எனவே கருவி 98 எனக் காட்டுவதைக் கண்டு, சோகையுற்றவர் "எனக்குக் குறையொன்றுமில்லை" என மகிழ்தல் தவறாகும்.

சிறு கணக்கொன்று இதனைத் தெளிவாக்கும். ஈமோகுளோபின் 15 கிராம் உள்ள ஒருவரின் நூறு மில்லிலீற்றர் குருதி, நூற்றுக்கு 98 நிரம்பியிருக்கையில், 19.7 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கும். 8 கிராம் உள்ளவரின் குருதியோ 10.5 மில்லிலீற்றரையே சுமக்கும். விமானத்தில் இந்நிரம்பல் 91 ஆகக் குறைந்ததெனக் கொள்வாம். முதல்வருக்கு 18.3 மில்லிலீற்றரும், இரண்டாமவர்க்கு 9.8 மில்லிலீற்றரும் எஞ்சும். இருவரும் இழந்த விகிதம் ஒன்றே. ஆயின் இருவர் நிலையும் ஒன்றன்று.

ஓய்ந்திருக்கும் உடல் நிமிடத்திற்கு ஏறக்குறைய 250 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் செலவிடும். இதயம் நிமிடத்திற்கு 5 இலீற்றர் குருதியைச் செலுத்துமாயின், தரையில் இருக்கும் முதல்வரின் உடலுக்கு 985 மில்லிலீற்றர் கிடைக்கும். செலவு அதில் நாலிலொன்றே. இரண்டாமவர்க்குக் கிடைப்பது 525 மில்லிலீற்றர். ஏறக்குறைய அதன் செம்பாதி தரையிலேயே செலவாகிவிடுகின்றது. விமானத்தில் அதுவும் 490 ஆகக் குறையும். இக்குறையை நிரப்ப வழி யாது? வண்டிகள் சிலவாயின் அவை விரைந்து ஓடல் வேண்டும். அவற்றை விரைவாக ஓட்டுவது இதயம். ஆகவே சோகையுற்றவர் வானிற் பறக்கையில் உழைப்பது இதயமே. "ஈமோகுளோபின் எத்தனை?" என்பதோடு, "அவருடைய இதயம் இவ்வுழைப்பைத் தாங்குமா?" என்பதையும் கேட்டலே முறையாகும்.

நாட்பட்ட சோகையின் இயல்பு

விபத்திலோ குடற்புண்ணாலோ திடீரெனக் குருதியிழந்தவர்க்கும், ஆண்டுக்கணக்காக மெல்ல மெல்லக் குறைந்தவர்க்கும் பெரும் வேறுபாடுண்டு. மெல்லக் குறைந்தவரின் உடல் அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்கின்றது. செங்குழியத்தினுள் இருக்கும் பொசுபேற்றுச் சேர்வையொன்று மிகுவதால், ஈமோகுளோபின் தன் ஒட்சிசனை இழையங்களுக்கு எளிதில் விட்டுக்கொடுக்கின்றது. இதயமும் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியைச் செலுத்தப் பழகுகின்றது. இதனாலேயே 8 கிராமோடு அன்றாட வேலைகளைச் செய்வோரைக் காண்கின்றோம். அதே 8 கிராமுக்கு ஒரே நாளில் வீழ்ந்தவரோ படுக்கையினின்றும் எழமாட்டார்.

நாட்பட்ட நோய்கள் சோகையை விளைக்கும் வழிகள் பல. சிறுநீரகம் குருதியைச் சுத்திகரிப்பதோடு, எரித்திரோபொயற்றின் என்னும் ஓமோனையும் சுரக்கின்றது. அதுவே என்புமச்சையைத் தூண்டிச் செங்குழியங்களை ஆக்குவிக்கும். சிறுநீரகம் பழுதுற்றால் அத்தூண்டுதல் குன்றும். 1977 இல் இவ்வோமோன் தூய நிலையிற் பிரித்தெடுக்கப்பட்டது. 1989 இல் அதனைச் செயற்கையாக ஆக்கி மருந்தாக வழங்கும் அனுமதி ஐக்கிய அமெரிக்காவிற் கிடைத்தது. அதுவரை மீண்டும் மீண்டும் குருதியேற்றுதலையே நம்பியிருந்த நோயாளர் பலர்க்கு அது புதுவாழ்வளித்தது. நீரிழிவு மலிந்தும், வடமத்திய மாகாணத்திலே காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் 1990களிலிருந்து அறியப்பட்டும் உள்ள நம் நாட்டிலே இது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று.

மூட்டுவாதம் முதலிய அழற்சி நோய்களிலே, ஈரலில் உண்டாகும் எப்சிடின் என்னும் பொருள் மிகுந்து, உடலிலுள்ள இரும்பைக் களஞ்சியத்திற் பூட்டிவைக்கின்றது. இரும்பு இருந்தும் உதவாது. தலசீமியாவிலோ ஈமோகுளோபினின் ஆக்கமே பிறவியிற் குறைபட்டது. எனவே, "இரும்புக் குளிசை விழுங்கினேன், இனிப் பறக்கலாம்" என்பது எல்லார்க்கும் பொருந்தாது.

எவர் பறக்கலாம்?

ஐக்கிய இராச்சியத்தின் சிவில் விமான அதிகாரசபை வகுத்த வழிகாட்டலின்படி, ஈமோகுளோபின் 8 கிராமுக்கு மேலிருந்து இதயநோயோ நுரையீரல் நோயோ இல்லாதவர் இடரின்றிப் பயணிக்கலாம். 7.5 கிராமுக்குக் குறைந்தோர் சிறப்பாகப் பரிசோதிக்கப்படல் வேண்டும். அவர்க்கு ஒட்சிசன் துணை வேண்டுமா என்பதும் ஆராயப்படல் வேண்டும். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் வைத்தியக் கைந்நூலோ 9.5 கிராமுக்குக் கீழேயே கவனம் வேண்டுமென்கின்றது. இவ்வெண்கள் மதில்களல்ல, நின்று நோக்குக என அறிவிக்கும் கைகாட்டிகளே. 7 கிராமில் ஆண்டுகளாக நிலைத்து நிற்கும் இளைஞன் பறக்கத்தக்கவனாதல் கூடும்; 9 கிராமோடு நெஞ்சுநோவுள்ள முதியவர் தகாதவராதல் கூடும்.

குருதிப்பெருக்கு உண்டானவர், அது முற்றாக நின்று ஒரு நாளேனும் கழிந்தபின் மீளப் பரிசோதித்து, வைத்தியர் உடன்பட்டாலன்றிப் பயணத்தை எண்ணலாகாது. அரிவாட்கலச் சோகையுற்றோர் தனி வகையினர். ஒட்சிசன் குறைவே அவர்தம் செங்குழியங்களை உருமாற்றிக் குருதிக்குழாய்களை அடைக்கக்கூடுமாதலால், நோய்வேகம் தணிந்து பத்து நாட்களேனும் செல்லும்வரை பறத்தலாகாது. பறக்கும்போதும் ஒட்சிசன் துணை வேண்டும்.

வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனையொன்றுண்டு. இயல்பான நடையில் 50 மீற்றர் நடந்தோ, ஒரு மாடிப்படி வரிசையை ஏறியோ பார்த்தல் வேண்டும். கடுமையாக மூச்சுவாங்காமலும் நெஞ்சு நோகாமலும் இதனைச் செய்பவர் பெரும்பாலும் விமானத்தின் வளியைத் தாங்குவார். இயலாதவர் வைத்தியரை நாடாது பயணச்சீட்டு வாங்கலாகாது. இது வைத்திய பரிசோதனைக்கு ஈடன்று, அதற்கு முற்படியே.

பயணத்துக்கு முன் செய்யவேண்டுவன

முதலாவது, காலம். பயணத்துக்கு இரண்டு மூன்று மாதங்கட்கு முன்பே வைத்தியரைக் காண்க. எரித்திரோபொயற்றின் ஊசியும் நாளத்தின் வழியே ஏற்றும் இரும்பும் பயன்றரச் சில வாரங்கள் செல்லும். கடைசி வாரத்தில் ஓடினால் குருதியேற்றுதல் ஒன்றே எஞ்சும். சிறுநீரக மாற்றத்துக்குக் காத்திருப்போர்க்கு அது பிறர் உறுப்பை ஏலாத எதிர்ப்பை உடலில் உண்டாக்கக்கூடும். அவசரப்பட்டு ஈமோகுளோபினை மிகவுயர்த்தலும் தீதே. சிறுநீரக நோயாளரிடம் அதனை 13 கிராமளவுக்கு ஊசியால் உயர்த்த முயன்றதை 2006 இல் வெளிவந்த இரு பெரும் ஆய்வுகள் ஆராய்ந்தன. இதயத்துக்கு அதனால் நன்மை விளையவில்லை. ஓர் ஆய்வில் தீங்கே மிகுந்தது.

இரண்டாவது, அறிவித்தல். மெடிஃப் என வழங்கும் வைத்தியத் தகவற் படிவத்தை வைத்தியர் நிரப்ப, பயணத்துக்குப் பல நாட்களுக்கு முன்பே விமானக் கம்பனிக்கு அனுப்புதல் வேண்டும். "அறிவித்தால் ஏற்றமாட்டார்கள்" என அஞ்சிப் பலர் மறைக்கின்றனர். முறையாக அறிவிப்பதன் நோக்கம் தடுத்தலன்று. வேண்டிய துணையை ஆயத்தஞ் செய்தலே. காப்புறுதி எடுக்கும்போதும் நோயை மறைத்தலாகாது. மறைத்தால் வேண்டிய வேளையில் அது உதவாதொழியும்.

மூன்றாவது, ஒட்சிசன். விமானக் கூரையினின்றும் விழும் முகமூடிகளைக் கண்டு, வேண்டின் அவற்றைப் பெறலாமெனச் சிலர் எண்ணுகின்றனர். அவை அறையமுக்கம் திடீரெனக் குறையுங்கால் சில நிமிடங்களுக்கு மாத்திரம் பயன்படுவன. நோயாளர்க்கான ஒட்சிசனை முன்கூட்டியே கேட்டல் வேண்டும். கம்பனி ஒப்புக்கொண்ட, மின்கலத்தில் இயங்கும் ஒட்சிசன் செறிவாக்கியைக் கொண்டுசெல்வோர், பறக்கும் நேரத்தின் ஒன்றரை மடங்குக்கேனும் போதிய மின்கலங்களைக் கைப்பெட்டியில் வைத்தல் நன்று. இந்த ஒட்சிசன், வானம் குறைத்ததை ஈடுசெய்யுமேயன்றிச் சோகையைத் தீர்க்காது. நாம் மேலே காட்டிய கணக்கிலே 9.8 மீண்டும் 10.5 ஆகும், அதற்கு மேற் பெரிதும் செல்லாது.

நான்காவது, மருந்தும் சுத்திகரிப்பும். எரித்திரோபொயற்றின் 2 முதல் 8 பாகை வரையான குளிரில் இருத்தல் வேண்டும், உறையலாகாது. எனவே குளிர்காக்கும் பையில் இட்டு, வைத்தியரின் கடிதத்தோடு கையிலே கொண்டுசெல்க. சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கலாகாது. டயலிசிஸ் செய்வோர் செல்லுமிடத்திலே அதற்கு இடம் உறுதியானபின்பே நாட்குறித்தல் வேண்டும். சுத்திகரிப்புக்கு மறுநாள் பறத்தல் பலர்க்கு ஏற்றது. தலசீமியாவுக்குக் குருதியேற்றுவோர், ஏற்றிய சின்னாட்களுள் பயணத்தை அமைத்துக்கொள்க.

பயணத்தின்போது

ஆசனத்தில் அமர்ந்திருத்தல் பெருஞ்சுமையன்று. விமான நிலையத்தின் நெடிய நடையும், பெட்டி தூக்குதலும், வரிசையில் நிற்றலுமே பலரை வீழ்த்துவன. சக்கர நாற்காலியைக் கேட்டுப் பெறுதல் இழுக்கன்று; இதயத்தின் உழைப்பைச் சேமித்தலாகும்.

"விமானத்தில் நிறைய நீர் அருந்துக" என்பது பொது அறிவுரை. நீரளவு வரையறுக்கப்பட்ட சிறுநீரக நோயாளர் இதனைப் பின்பற்றின் மூச்சுத்திணறலை விலைக்கு வாங்குவர். தமக்கு விதித்த அளவையே கைக்கொள்க. உப்புக் குறைந்த உணவை முன்பே கேட்டு வைக்கலாம். மதுவும் நித்திரைக் குளிசையும் மூச்சை மந்தமாக்குவனவாதலின் நீக்கத்தக்கன. நாலு மணிநேரத்துக்கு மேற்பட்ட பறப்பில் கால் நாளங்களிற் குருதி உறைதல் கூடுமாகையால், கால்களை அடிக்கடி அசைத்தும், இயன்றபோது மெல்ல நடந்தும் வருதல் வேண்டும்.

இருந்தபடியே மூச்சுவாங்குதல், நெஞ்சுநோவு, தலைசுற்றல், பேச்சுத் தடுமாறுதல் என்பன தோன்றின் உடனே பணியாளர்க்குச் சொல்லுதல் கடன். செனித் பலூனின் மூவரும் காட்டியவாறு, ஒட்சிசன் குறைந்தவர் தம் நிலையைத் தாம் உணரார். ஆதலின் துணைக்கு ஒருவர் வருதலும், அவர் இவற்றை முன்பே அறிந்திருத்தலும் மிக நன்று. இறங்கிய பின்னும் இடத்தின் உயரத்தை எண்ணுக. விழா முடிந்ததும் நுவரெலியாவுக்குச் செல்ல விரும்புவோர் புதிய விமானத்தின் உள்ளறையை ஒத்த வளியிலேயே நாட்கணக்காகத் தங்குவர் என்பதை மறவற்க.

இதுகாறும் கூறியவற்றால், நாட்பட்ட நோயால் வந்த சோகை வான்பயணத்துக்கு முழுத்தடையன்று என்பதும், ஆராயாது ஏறத்தக்க சிறு குறையுமன்று என்பதும் பெறப்படும். எண்ணை அறிக, அது நிலைத்து நிற்கின்றதா என்பதை அறிக, இதயத்தின் வலியை அறிக, அறிந்ததை மறையாது உரிய காலத்தில் அறிவிக்க. முதிய பெற்றோரை அழைக்க எண்ணும் பழைய மாணவர், பயணச்சீட்டை அனுப்புமுன் அவர்களை வைத்தியரிடம் அனுப்புவாராக. பேரப்பிள்ளைகளைக் காணச் செல்வோரும், கற்ற கூடத்தை மீண்டும் மிதிக்க வருவோரும், நலமே சென்று நலமே மீள்க என்பது எமது வேண்டுதல்.